மடங்காத இடது முட்டி

பிசியோதெரபி அறையில் அவளுக்கு எமகாதகி என்று பெயர். நோயாளிகள் வைத்தது. முட்டி மாற்று அறுவை முடிந்து வருகிறவர்கள் அழுதாலும் திட்டினாலும் அவள் பிடியை விடமாட்டாள். கணுக்காலைப் பிடித்து மடக்கிக்கொண்டே, தாராளமாகக் கத்துங்கள், காசா பணமா என்பாள். வலிக்குப் பயந்து விட்டுவிட்டால் முட்டி இறுகிப்போகும் என்று அவளுக்குத் தெரியும். நன்றாக நடந்து வீட்டுக்குப் போகிற அன்று அவர்களே கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அப்பாவின் இடது முட்டியும் அவளிடம்தான் வந்தது. சரக்கு வேனில் கிளட்சை மிதித்து மிதித்தே தேய்ந்துவிட்டது என்று அவர் சொல்லிக்கொள்வார். உண்மையில் கால் வெளிப்பக்கமாக வில் மாதிரி வளைந்து, உடம்பின் பாரமெல்லாம் உள்பக்கக் குருத்தெலும்பில் இறங்கி, கடைசியில் எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன. டாக்டர் தேய்ந்த முனைகளைச் சீவி உலோகம் பொருத்தி, காலை நேராக்கிவிட்டார். மடக்கிப் பழக்குவது மட்டும்தான் பாக்கி. அப்பாவுக்கு இருந்தது ஒரே ஆசை, மறுபடி ஸ்டியரிங் முன்னால் உட்கார வேண்டும். அதற்கு முட்டி தொண்ணூறு டிகிரியாவது மடங்க வேண்டும்.

சொந்த அப்பாவை நீ தொடாதே, என்னிடம் விடு என்று கூட வேலை செய்யும் சீனியர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். அவள் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு இரும்புக் கை, அப்பா தாங்கமாட்டார் என்று நினைத்தாள். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அதே இடத்தில்தான் தானும் கற்றவள், தன் கையும் அதே இரும்புதான் என்ற நினைப்பு அப்போது எங்கே போயிற்றோ.

முதல் நாள் மடக்கியதுமே அப்பா அலறிவிட்டார். அவர் அலறி அவள் கேட்டதே இல்லை. கை தானாக நின்றுவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐஸ் வைத்தாள். மறுநாளும் அதே கதைதான். அறுபதில் அவர் முகம் சுளிப்பார், இவள் விட்டுவிடுவாள். வீக்கம் வடியட்டும், நன்றாகத் தூங்கி எழட்டும் என்று தினம் ஒரு சாக்கு கிடைத்தது. பாழாய்ப்போன பாசம். பக்கத்துக் கட்டில்காரரை மட்டும் வழக்கம்போல் கதறவிட்டு நூற்றுப்பத்துக்குக் கொண்டுபோனாள். தன் பெண்ணுக்குப் பூ மாதிரி கை என்று அப்பா அவரிடமே பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

வாரங்கள் ஓடின. உள்ளே தழும்பு வளர்ந்து முட்டிச்சில்லைச் சுற்றி இறுக்கிக்கொண்டது. மயக்கம் கொடுத்து மடக்கிப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். முதல் தடவையே இதயம் பாடாய்ப் படுத்திவிட்டது, இன்னொரு மயக்கத்தை உடம்பு தாங்காது என்று அவர் கையை விரித்துவிட்டார். இத்தனை நாள் என்ன செய்தாய் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மறைக்காமல் சொன்னாள். தப்பு தன்னுடையதுதான் என்றும் சொன்னாள். அவர் ஜன்னல் வழியாக, தெருவில் தூசி படிந்து நின்ற வேனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலில் குப்புறப் படுத்து, தலையணையை வாயில் கவ்விக்கொண்டு, மடக்கு என்று சைகை காட்டினார்.

அவள் மடக்கினாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அவர் முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டியது, சத்தம் மட்டும் வரவில்லை. அறுபதுக்கு வந்து கால் நின்றுவிட்டது.

தலையணையிலிருந்து வாயை எடுத்து, "இப்ப நான் கத்தலையேம்மா. பயப்படாம அழுத்து" என்றார்.

அவள் முழு பலத்தையும் போட்டு அழுத்திக்கொண்டுதான் இருந்தாள்.