பெயரில்லாத இருமல்

இருமல்களைக் கேட்பதுதான் அவளுடைய வேலை. நுரையீரல் நோயாளிகள் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்னக் கருவி நாள் முழுக்கச் சத்தங்களைப் பிடித்து அனுப்பும். எது இருமல், எது தும்மல், எது நாற்காலி இழுபடும் ஓசை என்று கணினி பிரித்து எண்ணிவிடும். அதற்குச் சந்தேகம் வந்த துண்டுகள் மட்டும் அவள் காதுக்கு வரும். பெயர் வராது, ஓர் எண்தான் வரும். யாருடையது என்று தேடக் கூடாது என்பது விதி. அவளும் தேடியதில்லை.

அன்று முற்பகலில் வந்த ஒரு துண்டு அவளை அப்படியே நிறுத்தியது. முதலில் தொண்டையைச் செருமும் ஒலி. பிறகு வெட்டு வெட்டாக இரண்டு. அப்புறம் ரம்பம் இழுப்பதுபோல நீளமாக ஒன்று. ஒரே அறையில் படுத்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? அண்ணன்.

ஒரே மாதிரி இருமுகிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அண்ணனுக்கு அப்படியொரு நோயும் இல்லையே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அடுத்ததைப் போட்டாள். அதே எண். இந்த முறை நீளமான இழுப்பு பாதியிலேயே அறுந்தது. அதற்கடுத்ததில் இருமலே இல்லை. இருமப் பார்த்து முடியாமல் போனவரின் மூச்சு மட்டும் மேலே மேலே ஏறியது. பின்னணியில் மரம் இழைக்கும் இயந்திரத்தின் உறுமல். அண்ணனுக்கு வேலை மரப்பட்டறையில்.

'இருமலா, இல்லையா?' என்று கேட்டுக்கொண்டு நின்றது திரை.

அண்ணனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தும் எடுக்கவில்லை. மேலதிகாரியிடம் போய் நாக்குழற விஷயத்தைச் சொன்னாள். எண்ணைக் கொடு, ஆஸ்பத்திரிக்கு நான் சொல்கிறேன் என்றார் அவர். அவர் பேசத் தொடங்குவதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

பட்டறையில் ஆட்கள் அவரவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அண்ணனுக்குத் தலைவலியாம், பின்னால் பலகை அடுக்கும் அறையில் படுத்திருக்கிறார் என்றார்கள். போய்க் கதவைத் தட்டினாள். பதிலில்லை. உள்ளே தாழ்ப்பாள். வந்த உயிர் போயிற்று. இரண்டு பேர் தோள் கொடுத்துத் தள்ளியதும் கதவு பிய்ந்துகொண்டு திறந்தது.

பலகைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அண்ணன். உதடு நீலம் பாரித்திருந்தது. திறந்த சட்டைக்குள் நெஞ்சில் அந்தக் கருவி.

"உனக்கு… யாரு சொன்னா?"

"நீதான் சொன்னே. பேசாதே, மூச்சு விடு."

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று காது கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குத் தகவல் போயிருந்ததால் ஆக்சிஜனோடு காத்திருந்தார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து நெருக்கியிருப்பதாகச் சொன்ன டாக்டரம்மா, விலா இடுக்கில் குழாய் போட்டு அதை வடியவிட்டார். எதனால் கோத்தது என்பதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும் என்றார். அப்பாவும் இப்படி நெஞ்சில் நீர் கோத்துத்தான் போனார், புற்றுநோயால். அவள் மேற்கொண்டு கேட்கப் பயந்தாள்.

மறுநாள் அண்ணனே பேச்செடுத்தார்.

"அப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும்னு நெனச்சேன். உங்கிட்ட சொல்ல வாய் வரல."

"சொல்லியிருந்தா ரெண்டு பேருமா பயந்திருக்கலாம்ல."

பரிசோதனை முடிவு வந்தது. அப்பாவுடையது இல்லை. கிருமித் தொற்று, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும் என்றார்கள். அவள் நடைபாதைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

விதியை மீறியதற்கு மேலதிகாரி கண்டித்தார். நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன் என்றும் சொன்னார். அண்ணனின் எண் பக்கத்து மேசைக்காரிக்குப் போயிற்று. அவள் ஹெட்போனை மாட்டும்போதெல்லாம் இவள் தன் வேலையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.