பின்னால் நின்றவள்

பொழுது விடிவதற்குள் ஈரத் துணியின் கனம் தோளில் ஏறி உட்கார்ந்துவிடும். நகரத்து ஓட்டல்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் யார் யாரோ படுத்துக் கசக்கிய விரிப்புகள் எல்லாம் அந்தச் சலவைக் கொட்டகைக்குத்தான் வந்து சேரும். பிழிந்து முறுக்கிக் கிடப்பதை உதறி, இந்த முனையை ஒருத்தி, அந்த முனையை ஒருத்தி பிடித்து, கொதிக்கும் உருளையின் வாயில் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். ஒருத்தி அவசரப்பட்டால் துணி கோணிக்கொள்ளும். உடனே மேஸ்திரியின் வாயும் கோணிக்கொள்ளும்.

சுருட்டை முடியால் சுருட்டை என்றே பெயராகிப்போனவளுக்கு அன்று எதிர்முனையில் நின்ற நெட்டையின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவள் கைகளை மட்டும் பார்த்துத் துணியைக் கொடுத்தாள். போன வாரம் வரை அந்த முனையில் நின்றவள் சுருட்டையின் நாத்தனார். அவளுடைய வலது கையை உருளை விரிப்போடு சேர்த்து இழுத்துக்கொண்டது. வீட்டில் இருவருக்கும் எலியும் பூனையும்தான். ஆனால் அன்று எழுந்த அலறல் சுருட்டையின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

முன்பு உருளைக்குக் குறுக்கே சிவப்பாக ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். அடிக்கடி நின்றால் தொழில் என்னாவது என்று முதலாளி அதைக் கழற்றச் சொன்னார். எல்லாரும் முணுமுணுத்தார்கள், அதோடு சரி.

நேற்று மாலைச் செய்தியில் இந்த விஷயம் வந்தது. தொழிலாளி போனில் பேசிக்கொண்டே வேலை செய்ததுதான் காரணம் என்று செய்தி வாசிப்பவர் வருத்தப்பட்டார். "இந்த மெஷினுக்குத் தடுப்பெல்லாம் எப்பவுமே கிடையாதுங்க. அந்தப் பொண்ணு கவனமா இருந்திருக்கலாம்" என்று முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து திரை நிறைய நெட்டையின் முகம். "எங்களுக்கு இங்க ஒரு குறையும் இல்லைங்க. சொந்தக்காரங்க மாதிரி பாத்துக்கறாங்க." ஆஸ்பத்திரியில் கிடப்பவளிடம் ஒருவரும் மைக்கை நீட்டவில்லை. அவள் படுத்திருந்த விரிப்பும் இவர்கள் வெளுத்ததுதான்.

"போன் பேசிக்கிட்டா இருந்தா?" என்று கேட்டான் சுருட்டையின் புருஷன்.

"உன் கூடப் பொறந்தவளப் பத்தியா கேக்கற? வாசல்லயே எங்க போனையெல்லாம் பெட்டியில வாங்கி வெச்சுக்கறாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். இருந்தாலும்... டி.வி.ல சொல்றானே."

டாக்டர் சொன்னாலே பாதிதான் நம்புகிற மனுஷன் அவன்.

சாப்பாட்டு மணி அடித்தது. மறுநாள் காலையில் தொழிலாளர் துறை அதிகாரி விசாரணைக்கு வருகிறார். கவனக்குறைவு என்று அவர் எழுதிவிட்டால் நாத்தனாரின் சிகிச்சையும் போச்சு, நஷ்டஈடும் போச்சு. கம்பியும் திரும்பி வராது. யார் உண்மையைச் சொல்வார்கள், யாரை முதலாளி ஏற்கெனவே மடக்கிவிட்டார் என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் எடைபோட்டபடியே சோற்றை விழுங்கினார்கள். நெட்டையைச் சுற்றி மட்டும் நாலு ஆள் இடம் காலியாக இருந்தது.

"அது இப்போ பேசினதில்ல" என்று நெட்டையே ஆரம்பித்தாள். "போன வருஷம் விளம்பரம் எடுக்க வந்தாங்களே, அப்போ சொல்லிக் குடுத்துச் சொல்லச் சொன்னாங்க."

"அந்த விளம்பரத்துல முதலாளி மட்டும்தானே வந்தாரு? நீ எங்க வந்தே?" என்றாள் சுருட்டை. நேற்று வரை வாய்க்கு வாய் 'அக்கா' என்றவள்தான். "அடிபட்ட மறுநாள் ஆபீஸ் ரூமுக்குள்ள எதுக்குப் போனே?"

"லீவு கேக்கப் போனேன்."

"கெடைச்சதா?"

"இல்ல."

"லீவு கெடைக்கல, டி.வி.ல மூஞ்சி வந்துடுச்சு."

யாரோ சிரித்தார்கள். நெட்டை சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள்.

பாய்லரைக் கவனிக்கிற அண்ணனுக்குக் கொட்டகைக்கு வெளியே தனி அறை. அதனால் அவர் போனை மட்டும் யாரும் வாங்கி வைப்பதில்லை. சுருட்டை அவரிடம் போய், "அந்தச் செய்தியப் போடுங்கண்ணே. அவ பேசினத அவளே பாக்கட்டும்" என்றாள்.

எல்லாரும் போனைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லார் கண்ணும் நெட்டையின் வாயில் இருந்தது. சுருட்டைக்கு மட்டும் அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பார்வையைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளினாள். அங்கே, நெட்டையின் தோளுக்குப் பின்னால், மங்கலாக ஒருத்தி விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். தலையில் நாத்தனார் எப்போதும் கட்டுகிற நீலத் துண்டு.

"நிறுத்துங்கண்ணே!"

அண்ணன் படத்தை நிறுத்திப் பெரிதாக்கினார். நாத்தனார் இரண்டு கையையும் தூக்கி முனையைப் பிடித்திருந்தாள். வலது கை அப்படியே முழுசாக இருந்தது. அந்தக் கைக்கு முன்னால், உருளைக்குக் குறுக்கே, சிவப்பாகத் தடுப்புக் கம்பி.

சுருட்டைக்குக் கண் நிறைந்துவிட்டது. எப்போதுமே கிடையாது என்று முதலாளி சொன்ன கம்பியை அவர் சொன்ன அதே செய்தியில் ஊரே பார்த்திருக்கிறது. பார்த்தும் யாருக்கும் தெரியவில்லை. பின்னால் நின்று வேலை செய்கிறவளை எவன் பார்க்கப்போகிறான் என்ற தைரியத்தில்தானே அந்தப் பழைய படத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்!

"அக்கா..." என்றாள் சுருட்டை.

"இப்பத்தான் அக்காவா?" என்று திரும்பினாள் நெட்டை. "இத்தன வருஷம் உன் பக்கத்துலயே நின்னவ நான். என்னை நம்பல, டி.வி.ய நம்புனே."

டி.வி.யை நம்பியதற்காகப் புருஷனைத் திட்டிய வாய் சுருட்டையுடையது. நெட்டை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோவத்த அப்புறம் பாத்துக்கறேன். அண்ணே, இத எங்க எல்லார் போனுக்கும் அனுப்புங்க. தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள அழிச்சுடுவானுங்க" என்றாள்.

மணி அடித்தது. முதலில் கொடுத்த விரிப்பு கருகிப்போகாமல் வெளியே வரும்வரை காத்திருந்து, பிறகுதான் சுருட்டை மெஷினை நிறுத்தினாள். சத்தம் அடங்கியதும் முதலாளி ஓடி வந்தார்.

"என்ன இது? ஆஸ்பத்திரி லோடு நிக்குது!"

"எங்காளும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கா சார். கம்பிய மாட்டுங்க, ஓட்டறோம்" என்றாள் சுருட்டை.

"எந்தக் கம்பி?"

"நீங்க டி.வி.ல காட்டினீங்களே, அதே கம்பிதான்."

அண்ணன் போனை நீட்டினார். முதலாளி பார்த்தார். முதலில் அவருக்கும் நெட்டைதான் தெரிந்தாள். சுருட்டை திரையின் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டிய பிறகு அவர் முகம் மாறியது.

"யாரும்மா உங்களைத் தூண்டி விட்டது? நான் ஒரு போன் பண்ணினா நாளைக்கு நீங்கல்லாம் கலவரக்காரங்கன்னு நியூஸ் வரும்."

"வரட்டும் சார். அதுலயும் பின்னால என்ன தெரியுதுன்னு பாக்க நாங்க கத்துக்கிட்டோம்."

வாசலில் பூட்டிய பெட்டிக்குள் போன்கள் ஒவ்வொன்றாகக் கிணுகிணுத்தன. அண்ணன் அனுப்பியது போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. நாளைக்கு வரப்போகிற அதிகாரி யாருடைய ஆள் என்று சுருட்டைக்குத் தெரியாது. அவரையும் அவள் முழுசாக நம்பவில்லை. ஆனால் அதிகாரி முன்னால் யார் எதைச் சொல்வார்கள் என்ற சந்தேகம் இப்போது அவளுக்கு இல்லை.

முதலாளி குவியலிலிருந்து ஈர விரிப்பு ஒன்றை இழுத்தார். கனம் அவர் எதிர்பார்த்ததைவிட அதிகம். சட்டையெல்லாம் நனைய ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து, மறுமுனையை நெட்டையிடம் நீட்டினார். "நீயாவது பிடிம்மா. குறையே இல்லைன்னு சொன்னவதானே நீ?"

நெட்டை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் சுருட்டையும் கட்டிக்கொண்டாள். வரிசையாக எல்லாரும் கட்டிக்கொண்டார்கள்.

விரிப்பின் மறுமுனை தரையில் விழுந்தது.