அக்காவின் பிறந்த வருடம்

ஆஞ்சலாவுக்கு எழுபத்துநாலு வயது. அரசாங்கத்தைக் கேட்டால் அறுபத்தேழு என்று சாதிக்கும். நடுவில் காணாமல் போன ஏழு வருடத்தை எடுத்தது வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தத் தம்பி ஆண்ட்ரூதான்.

எண்பத்தெட்டில் அக்காவுக்குக் கோலார் தங்க வயலிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து, அக்காவுக்கு முப்பத்தேழு. "வேணாம்டா, இருக்கறத சொல்லிடு" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ஆண்ட்ரூ காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிவாஜிநகரில் தான் வேலை பார்த்த துணிக்கடைக்கு எதிரே உட்கார்ந்திருந்த நோட்டரியிடம் போய், அக்கா 1958-இல் பிறந்தவள் என்று ஓர் அஃபிடவிட் வாங்கிக்கொண்டு வந்தார். வரன் இரண்டே மாதத்தில் கைநழுவிப் போயிற்று. வயது மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. ரேஷன் கார்டில் ஏறியது, ஓட்டர் கார்டில் ஏறியது. ஆஸ்டின் டவுன் வீட்டில் கல்யாணமாகாத அக்காவும் மனைவியை இழந்த தம்பியும் கிழடுதட்டிப் போனார்கள். காகிதத்தில் மட்டும் அக்கா, எழுபத்தொரு வயதுத் தம்பியைவிட நாலு வயது சின்னவளாக ஜம்மென்று இருந்தாள்.

இத்தனை நாளும் இது வீட்டில் ஒரு கேலிதான். "தங்கச்சி, டீ போடறியா?" என்பார் ஆண்ட்ரூ. "போடா கிழவா" என்பாள் அக்கா.

இப்போது சிரிக்க முடியவில்லை. அக்காவின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. ஆபரேஷன் செய்யாவிட்டால் வருகிற கிறிஸ்துமஸுக்கு உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் ஆண்ட்ரூவிடம் சொல்லிவிட்டார். துணிக்கடை பென்ஷனில் அந்தச் செலவை நினைத்தே பார்க்க முடியாது. ஏழைகளுக்கான ரேஷன் கார்டு கைவசம் இருந்தாலாவது ஒரு வழி இருந்திருக்கும். ஆண்ட்ரூவின் தேய்ந்த கைரேகை ரேஷன் கடை மெஷினில் விழவில்லை, அக்காவால் கடைவரை நடக்க முடியவில்லை. பல மாதம் அரிசி வாங்காததில் அது போன வருடமே ரத்தாகிவிட்டது. மிச்சமிருந்தது எழுபது தாண்டியவர்களுக்கு அரசு தரும் மருத்துவக் கார்டு ஒன்றுதான்.

இதில் கொடுமை, ஆண்ட்ரூவிடம் அந்தக் கார்டு இருந்தது. தலைவலிக்குக்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் ஒதுங்காத மனிதருக்குப் பத்தே நிமிடத்தில் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அக்காவை வார்டில் சேர்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை கட்டிலை அவளுக்காக வைத்திருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்குள் கார்டு வந்தாக வேண்டும். ஆண்ட்ரூ வியாழக்கிழமை கோயில் ஆபீஸுக்கு ஓடினார். அங்கே எழுத்தராக இருந்த லாயிட், அட்டை கிழிந்த ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடி எடுத்துப் புரட்டினார். ஆஞ்சலா, பிறப்பு 1951 மார்ச். நகல் எழுதி, முத்திரை குத்தி, பங்குச் சாமியாரின் கையெழுத்தோடு கொடுத்தார். அன்றைக்கு ஆண்ட்ரூ வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், கார்டு போட்டுத் தரும் மேசைக்கு முதல் ஆளாகப் போய் நின்றார். அங்கே இருந்த வீணா கன்னடக்காரப் பெண், தமிழும் தடையில்லாமல் பேசினாள். நகலை முழுவதும் படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"சார், சர்ச் பேப்பரை சிஸ்டம் எடுக்காது. ஆதார்ல என்ன இருக்கோ அதான் வயசு. ஆதார்ல மாத்திட்டு வந்தீங்கன்னா அரை மணி நேரத்துல நானே கார்டு போட்டுத் தர்றேன்."

"எங்க போய் மாத்தணும், சொல்லுங்க மேடம். இப்பவே ஓடறேன்."

"ஸ்வல்ப இருங்க. அஜ்ஜி, அதான் பாட்டியோட ஆதார்ல என்ன இருக்குன்னு பாத்துடலாம். அவங்க போனுக்கு ஓடிபி வரும்."

அக்காவின் போன் ஆண்ட்ரூவின் சட்டைப் பையில்தான் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு எண்களையும் படித்துச் சொன்னார். வீணா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இதை ஏற்கெனவே ஒரு தடவை திருத்தியிருக்கீங்களே."

"யாரு? நாங்களா?"

"முதல்ல 1951-தான் இருந்திருக்கு. அப்புறம் 1958-ன்னு மாத்தியிருக்காங்க. பன்னெண்டு வருஷம் ஆச்சு."

ஆண்ட்ரூவுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஆதார் எடுக்க அக்கா தனியாகத்தான் போனாள், கேட்டபோது உள்ளதைச் சொல்லிவிட்டாள். பிறகு பாங்கில் ரேஷன் கார்டும் ஆதாரும் பொருந்தவில்லை என்றார்கள். "எல்லாத்தையும் கெடுத்துவச்சுட்டியே" என்று அவளைக் கடிந்துகொண்டு, பழைய அஃபிடவிட்டைத் தூசி தட்டி, அவரே கூட்டிப்போய் மாற்றினார். எல்லாக் கார்டையும் ஒன்றாக்கிவிட்டோம் என்று அதற்குப் பெருமை வேறு. தன் கையாலேயே செய்த வேலை, யாரைப் போய்த் திட்டுவது? அவருக்கு மேசையைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது.

"அப்போ 1951-தான் நிஜம்னு அதுலயே இருக்குதுல்ல மேடம்?"

"இருக்கு சார். ஆனா பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாத்த விடுவாங்க, அது முடிஞ்சுபோச்சு. இன்னொரு தடவைன்னா பர்த் சர்டிபிகேட் வேணும், பெரிய ஆபீஸுக்கு எழுதிப் போடணும். மாசக்கணக்கா இழுக்கும். கிடைக்கும்னும் சொல்ல முடியாது."

"அந்தக் காலத்துல எங்க வீட்ல யாரு பர்த் சர்டிபிகேட் எடுத்தாங்க? மேடம், என் கார்டு இருக்கே, அதை அவங்களுக்குக் குடுத்துடுங்க. எனக்கு ஒண்ணும் வேணாம்."

"அது உங்களுக்கு மட்டும்தான் சார். ஏன் மாடோது, என்ன பண்றது..." அவள் நகலை மடித்து அவர் கையில் கொடுத்தாள். ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். "இன்னும் மூணு வருஷம், 2028 மார்ச்ல எழுபது ஆயிடும்ல. அப்ப வாங்க, ஒரு கேள்வி கேக்காம போட்டுத் தருவோம்."

ஆண்ட்ரூ அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினார். கார்டு இல்லை, கட்டிலை அடுத்தவர்களுக்குக் கொடுக்கலாம் என்று அவள் வார்டுக்குப் போனில் சொல்வது பின்னால் கேட்டது.

வார்டு வாசலில் ஒரு குடும்பம் தலையணையும் ஃபிளாஸ்குமாக நின்றுகொண்டிருந்தது. அந்தக் கட்டிலுக்கு அடுத்து வரவேண்டியவர்கள். அக்கா தலை வாரி, ஆபரேஷனுக்குக் கூப்பிடுவார்கள் என்று வளையலைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா, கிடைச்சுதா?"

"கிடைக்கும்க்கா. கொஞ்சம் லேட்டாகும்னாங்க."

"எவ்ளோ லேட்டு?"

"மூணு..." என்று ஆரம்பித்தவருக்கு அதற்குமேல் வரவில்லை.

"மூணு வாரமா?"

ஆண்ட்ரூ அவள் முகத்தைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினார்.

"அவ்ளோதானா! உன் மூஞ்சியப் பாத்து நான் என்னமோன்னு பயந்துட்டேன். மூணு வாரம்லாம் தாங்கிடுவேன்டா."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்தாள். கதவருகே வருவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். பின்னால் நர்ஸ் அதற்குள் படுக்கை விரிப்பை மாற்றத் தொடங்கிவிட்டாள். வாசலில் நின்றிருந்த குடும்பம் ஒதுங்கி வழிவிட்டது.

"நல்லா பாத்துக்குங்க," என்று அக்கா அவர்களிடம் சொன்னாள். "மூணு வாரத்துல நாங்களும் வந்துருவோம்."