ஆறாம் சேனல்

சொந்தக்காரர்கள் அவள் கணவனுக்கு வைத்த பெயர் டவர். செல்போன் கோபுரங்கள் ஒன்றின் பேச்சில் ஒன்று மூக்கை நுழைக்காமல் பார்த்துக்கொள்வது அவன் உத்தியோகம். எந்தக் கோபுரம் எவ்வளவு குரலைத் தாழ்த்தினால் பக்கத்துக் கோபுரம் பிழைக்கும், அதற்கு ஆகும் செலவு என்ன, வரும் லாபம் என்ன என்று ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்துவான். அந்த மேதாவித்தனமெல்லாம் வீட்டுக்கு வந்தால் செருப்போடு வாசலிலேயே நின்றுவிடும்.

கீழ்வீட்டில் அவன் அண்ணன் குடும்பம். வெளிச்சுவருக்கு வண்ணம் பூசுவதில் தொடங்கிய சண்டை. பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. மாடி நீலம், கீழே மஞ்சள் என்று வீடு பார்க்கவே கண்றாவி. அதுகூடத் தொலையட்டும். இரண்டு வீட்டு வைஃபை பெட்டிகளும் ஆறாம் சேனல் என்ற ஒரே அலைவரிசையில் உட்கார்ந்துகொண்டு ஒன்றையொன்று கடித்துக் குதறின. டவர் இரண்டு ஆன்டெனா வைத்த பெட்டி வாங்கினான். மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன் நாலு ஆன்டெனா வாங்கினார். இவன் எட்டு வாங்கினான். மல்லாந்த கரப்பான்பூச்சி மாதிரி அது அலமாரிமேல் கிடந்தது. அப்புறமும் இரண்டு வீட்டிலும் படம் நின்று நின்றுதான் ஓடியது.

இந்த லட்சணத்தில் அவளுக்கு ஓர் ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவிலிருந்து வீடியோ நேர்காணல் வந்தது. கல்யாணத்தோடு விட்ட வேலையை மறுபடி பிடிக்க அவள் போட்ட விண்ணப்பங்களில் பதில் வந்தது இது ஒன்றுக்குத்தான்.

"ஒரு மணி நேரம்தாங்க. நம்ம பெட்டிய வேற சேனலுக்கு மாத்துங்களேன்."

"நான் ஏன் மாத்தணும்? ஆறாம் சேனலுக்கு முதல்ல வந்தது நான்."

"அப்ப உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அவன்கிட்ட போய்ப் பேசறதுக்கு ஆகிற செலவு உனக்குத் தெரியாது. வர்ற லாபத்தவிட அதிகம். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"ஒரு வயராவது இழுத்துக் குடுங்க."

"வயர்லெஸ் எஞ்சினியர் வீட்ல வயரா? நாலு பேர் சிரிப்பாங்க."

செல்போனில் பேசலாமென்றால் அவன் கம்பெனி சிக்னலே அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்காது. அது வேறு பிரிவின் பொறுப்பாம்.

நேர்காணல் அன்று காலை அவன் ஒரு கருத்தரங்கில் பேசக் கிளம்பிவிட்டான். தலைப்பு, அண்டைக் கோபுரங்களின் ஒத்துழைப்பு. அவள் மடிக்கணினியைத் திறந்து சோதித்துப் பார்த்தாள். அவள் முகமே வாயைப் பிளந்தபடி திரையில் உறைந்து நின்றது. எட்டுக் கொம்புப் பெட்டியின் மின்வயரைப் பிடுங்கிப் போட்டாள். மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கினாள்.

கதவைத் திறந்த ஓரகத்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, ஒரு மணி நேரம் உங்க வைஃபை வேணும். எங்க பெட்டிய அணைச்சிட்டேன்."

"அணைச்சிட்டியா? அதான் என் சீரியல் திடீர்னு தடங்கலில்லாம ஓடுது! உள்ள வா. வீட்டுக்காரர் கடையிலதான் இருக்காரு."

சீரியலையும் நிறுத்திவிட்டு, சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் கொடுத்தாள் அக்கா. கேள்வி கேட்டவர்களின் முகம் பளிச்சென்று தெரிந்தது. அவளும் தட்டுத் தடங்கலின்றிப் பதில் சொன்னாள். சாயங்காலமே வேலை உறுதி என்று மின்னஞ்சல் வந்தது.

கருத்தரங்கில் கொடுத்த கேடயத்தோடு டவர் வந்தான்.

"வேலை கெடச்சிடுச்சுங்க!"

அவன் அலமாரியைப் பார்த்தான். "பெட்டிய யாரு பிடுங்கினது?"

அவள் எதையும் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"அவன் வீட்டு வாசப்படிய மிதிச்சியா? என் மானத்தையே வாங்கிட்டியே!"

பெட்டிக்கு மறுபடி உயிர் கொடுத்தான். கேடயத்தை அதன் பக்கத்தில் நிறுத்தினான். அன்றோடு அவளிடமும் பேச்சை நிறுத்திவிட்டான், பெரிய மனுஷன்.

முதல் சம்பளம் வந்த அன்று அவள் மனசுக்குள் கணக்குப் பார்த்தாள். லாபத்தில் வேலை இருந்தது, கீழ்வீட்டு அக்கா இருந்தாள். நஷ்டம் கணவனின் பேச்சு. அதற்கு ஒரு மதிப்புப் போட வேண்டுமே என்று, இத்தனை வருஷத்தில் அவன் தன்னிடம் ஆசையாகச் சொன்னது ஏதாவது உண்டா என்று தேடினாள். துண்டு எங்கே, சாவி எங்கே, உனக்கு ஒண்ணும் தெரியாது. இவ்வளவுதான் அகப்பட்டது.

வேலை கிடைத்த சந்தோஷத்தில்கூட அழாதவள் அப்போது அழுதாள்.