முக்கால் மணி நேர தூரம்

இன்று சாயங்காலத்துக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும். வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி. அதன் இரத்த வங்கிக்கே பொறுப்பாளர் வேலை. ஒவ்வொரு இரத்தப் பையிலும் ஒட்டும் சீட்டுக்குக்கூட மேலதிகாரியின் கையெழுத்துக்காக இத்தனை வருஷம் காத்து நின்றவளுக்கு, தன் கையெழுத்தே செல்லுபடியாகும் நாற்காலி.

கணவர் சோபாவில் சாய்ந்து, போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானூத்தி இருபது கிலோமீட்டர்! விளையாட்டா?"

"அது ரோடு வழியா. நான் என்ன நடந்தா போகப்போறேன்?"

"எதுல போனா என்ன, தூரம் தூரம்தானே?"

துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். "ஏண்டா, அதே ஊருக்குத்தானே நீ ரெண்டு வருஷம் போயிட்டு வந்துட்டு இருந்தே?"

உண்மைதான். டயர் கம்பெனி அவரை அங்கே போட்டிருந்த காலத்தில், திங்கட்கிழமை பெட்டியை உருட்டிக்கொண்டு கிளம்புவார். வெள்ளிக்கிழமை ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு வந்து இறங்குவார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இவள் போன் செய்தால், "ஏன் பதறுறே? முக்கால் மணி நேரம்தானே, பறந்து வந்துடுவேன்" என்பார். ஒரு தடவையும் பறந்து வந்ததில்லை. காய்ச்சல்தான் பாவம், காத்திருந்து அலுத்துப்போய்த் தானாகவே இறங்கிவிடும்.

"அம்மா, உனக்குத் தெரியாது. ஃப்ளைட் மட்டும்தான் முக்கால் மணி. ஏர்போர்ட்டுக்கு முன்கூட்டியே போகணும், பெல்ட்டைக் கழட்டணும், வரிசையில நிக்கணும், அங்க இறங்கி டாக்ஸி பிடிக்கணும். எல்லாம் சேர்ந்தா அரை நாள் போயிடும்."

"உங்களை மட்டும் வாசல்லயே வந்து ஏத்திக்கிட்டாங்களா?" என்றாள் அவள்.

"கிண்டல் பண்ணாதே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வாராவாரம் அலைஞ்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"என் உடம்பு மேல இவ்வளவு அக்கறையா! முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு நாள் படுத்து எழுந்திருப்பேனே."

அவர் வாதத்தை மாற்றினார். "சரி, பொண்ணை யார் பாத்துக்கறது? வீட்டை யார் பாத்துக்கறது? அம்மா, நீயாவது எடுத்துச் சொல்லு."

மாமியார் கையிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு மருமகளிடம் திரும்பினார்.

"அம்மாடி, குவார்ட்டர்ஸ் தர்றாங்களா?"

"ரெண்டு ரூம் அத்தை."

"மாடியா, கீழயா? என் முட்டிக்குப் படி ஆகாது."

"கீழதான். பக்கத்துலயே ஸ்கூலும் இருக்காம்."

"அப்ப நானும் பாப்பாவும் உன்கூட வந்துடறோம். அலைச்சலே இல்ல."

"அம்மா! அப்ப நான்?"

"நீ ஏண்டா பதறுறே?"

அவர் மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். கிலோமீட்டர் அசையவில்லை.

அவள் சன்னலோரம் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். சம்மதம் என்றதும் எதிர்முனை அதிகாரி தயங்கினார்.

"வீட்ல கேட்டுட்டீங்களா மேடம்? ரொம்பத் தூரமாச்சே, தனியா வந்து இருக்கணுமே?"

"நான் தனியா இல்ல சார். வீடே கூட வருது," என்றாள் அவள். "ஒருத்தர்தான் தனியா இருக்கப்போறார். அவர்கிட்ட இன்னும் கேக்கல."