இடுப்பு வரை உயிர்

என் கணவர் லாம்பெர்ட் ஒரு முகத்தை வரைந்து முடிப்பதற்குள் அந்த முகத்துக்காரருக்குப் பேரன் பிறந்துவிடுவான் என்று எங்கள் ஊரான ஹார்லெமில் கேலி பேசுவார்கள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. துணிக்குப் பசை தடவிக் காயவைப்பார். அதன்மேல் காவி கலந்த பூச்சு ஒன்று பூசிக் காயவைப்பார். கோடுகளால் ஆளைப் பிடித்து அதையும் காயவைப்பார். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் எங்கள் ஊர் ஈரத்தில் லேசில் காயாது. அடியில் இருப்பது காயுமுன் மேலே பூசினால், பின்னாளில் படம் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளக்கும். “அவசரப்பட்டுப் பண்ற கல்யாணமும் அப்படித்தான்” என்பார். அவர் என்னைக் கட்டிக்கொள்ள ஆறு வருஷம் யோசித்தவர்.

அவரிடம் போய் மாட்டிக்கொண்டவர் யோஸ்ட். ஸ்பார்ன் ஆற்றங்கரையில் பெரிய பீர் ஆலை அவருடையது. பாலத்தில் நின்று அவர் சிரித்தால் வண்டிக் குதிரைகள் மிரண்டு நிற்கும். ஊரில் யாருக்குச் சண்டை என்றாலும் பஞ்சாயத்து அவரிடம்தான். பிறந்த குழந்தைகளில் பாதிக்கு அவர்தான் ஞானத்தகப்பன். புதுவீட்டு முன்னறையில் மாட்ட அவருக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. சிவந்த கன்னமும் கையில் பீர்க் கோப்பையுமாக, சிரித்த முகமாக வேண்டும் என்றார்.

“நான் சொல்ற வரைக்கும் படத்தைப் பார்க்கக் கூடாது” என்று லாம்பெர்ட் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

ஒரு நாள் லாம்பெர்ட் ஆளிவிதை ஆட்டும் காற்றாலைக்கு எண்ணெய் வாங்கப் போயிருந்தார். நான் அடுப்படியில் ஹெர்ரிங் மீன் அலசிக்கொண்டிருந்தேன். யோஸ்ட் தானாகக் கதவைத் திறந்துகொண்டு, லாம்பெர்ட் படம் வரையும் மாடிக்கு ஏறிவிட்டார். அவர் படியேறினால் என் பாத்திரங்கள் ஆடும். ஆடின. அப்புறம் சத்தமே இல்லை. நான் பயந்துபோய் மீன் கையோடு மேலே ஓடினேன்.

அவர் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். படத்திலிருந்த முகத்துக்குக் கன்னத்தில் சாம்பல், உதட்டில் சாம்பல், கண் இருக்கவேண்டிய இடத்தில் மண்நிறத்தில் இரண்டு குழிகள்.

“லைஸ்பெத்தம்மா, இது யாரு?”

“நீங்கதான். வேற யாரு?”

“ஏன் இப்படி இருக்கேன்?”

“இது அடிப்பூச்சுங்க. வெளிச்சம், நிழல் மட்டும் போட்டு வச்சிருக்காரு. இது காஞ்சப்புறம்தான் மேல நிறம் வரும்.”

“இந்தப் பூச்சுக்குப் பேர் எதாவது உண்டா?”

பொய் சொல்ல அந்த நேரத்தில் எனக்கு வாய் வரவில்லை. “சாவுச் சாயம்னு சொல்வாங்க” என்றேன்.

“ஓகோ” என்றார். முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“ஐயோ, அது சும்மா பேருங்க! எல்லாப் படத்துக்கும் இதுதான் முதல்ல. நகரத் தலைவருக்கும் இதைத்தான் பூசினாரு.”

“அவரும் போய்ச் சேர்ந்துட்டாரே.”

அதுவும் உண்மைதான். போன குளிரில் போயிருந்தார். நான் மறந்துவிட்டேன்.

யோஸ்ட் பாத்திரங்கள் ஆடாமல் இறங்கி, வீட்டுக்குப் போய், சுவரோடு சேர்ந்த மரக்கட்டிலில் படுத்துக் கைகளை நெஞ்சின்மேல் கோத்துக்கொண்டார். அவர் மனைவி ஹெஸ்தர் என்ன ஆயிற்று என்று கேட்டாள். “ஒண்ணும் வலிக்கல. செத்துட்டேன், அவ்வளவுதான்” என்றாராம்.

மருத்துவர் வந்தார். நாடி பார்த்தார், சிறுநீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்துச் சன்னலோரம் தூக்கிப் பார்த்தார். “செத்தவரோடதுன்னு வச்சுக்கிட்டா, இவ்வளவு நல்ல சிறுநீரை நான் பார்த்ததே இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரில் சாவுச்சேதி சொல்லும் கறுப்பு அங்கிக்காரர் வந்து வாசலில் தொப்பியைக் கழற்றினார். எந்தக் கிழமையிலிருந்து சொல்லத் தொடங்கலாம் என்று கேட்டார். யோஸ்ட் உள்ளேயிருந்து, “லாம்பெர்ட் என்ன பண்றார்னு பார்த்துட்டுச் சொல்லியனுப்பறேன்” என்று பதில் கொடுத்தார்.

மோர்க் கஞ்சி மட்டும் இரண்டு கிண்ணம் குடித்தாராம். “செத்தவங்க சாப்பிடுவாங்களா?” என்று ஹெஸ்தர் கேட்டதற்கு, “காய்ச்சின கஞ்சிய வீணாக்கலாமா?” என்றாராம்.

மறுநாள் ஹெஸ்தர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒல்லியான, வாய் பேசாத பெண். அன்றைக்கு நன்றாகவே பேசினாள்.

“இப்பவே கன்னத்துல செவப்பைப் பூசுங்க. நான் நின்னு பார்த்துட்டுத்தான் போவேன்.”

லாம்பெர்ட் படத்தில் விரலை வைத்துக் காட்டினார். விரலில் சாம்பல் ஒட்டியது. “ஈரம்மா. ஈரத்து மேல பூச மாட்டேன்.”

“மனுஷன் செத்துக்கிடக்கறார்!”

“கிடக்கட்டும். முதல்ல காயட்டும்.”

“என்னங்க, வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்று நான் அவரை அதட்டினேன். பிறகு ஹெஸ்தரைச் சமையலறைக்கு அழைத்துப்போய்ச் சூடாக அப்பம் சுட்டுக் கொடுத்தேன். அவள் அழுதுகொண்டே நாலைத் தின்றாள். ஆலையில் ஊறிக்கிடக்கும் பார்லியை யார் பார்ப்பது என்றும் கவலைப்பட்டாள்.

மழை விட்டதும் சாம்பல் காய்ந்தது. லாம்பெர்ட் ஈய வெள்ளையும் சிவப்புக் காவியும் குழைத்து இடது கன்னத்தைத் தொடங்கினார். அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. சேதியை நான்தான் கொண்டுபோனேன். யோஸ்ட் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

“ஆமா, இந்தப் பக்கம் கதகதன்னு இருக்கு. வலது பக்கம் இன்னும் காலமாகித்தான் இருக்கு.”

அன்றுமுதல் எனக்கு அதுவே வேலை. மூக்கு வரைந்த அன்று அவருக்கு ஆலையின் வாசனை வந்தது. கைகள் முடிந்த அன்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு லாம்பெர்ட் அதிக எண்ணெய் சேர்த்த மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார். பூச்சிகளை அரைத்து எடுக்கும் சிவப்பைக் கண்ணாடி போல நீர்க்கக் கலந்து கன்னத்தில் படரவிட்டபோது, தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது எனக்கே தெரிந்தது. அந்த வாரம் யோஸ்ட் போர்வையைத் தள்ளிவிட்டுப் புழுங்குகிறது என்றார்.

கோப்பையின் நுரையும் முடிந்தது. லாம்பெர்ட் தூரிகைகளைக் கழுவினார். நாங்கள் இருவரும், ஹெஸ்தரும், பக்கத்து வீட்டார் சிலரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். யோஸ்ட் சிரித்தபடி எழுந்து உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் உட்கார்ந்தபடியே இருந்தார்.

“படம் எதுவரைக்கும் இருக்கு?” என்று கேட்டார்.

“இடுப்பு வரைக்கும்” என்றார் லாம்பெர்ட்.

“அப்போ எப்படி எழுந்திருக்கறது?”

லாம்பெர்ட், “நீங்க கேட்டது அரை உருவம்தானே?” என்றார். வியாபாரத்தில் அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் ஹெஸ்தர் அவரைப் பார்த்த பார்வையில் நான் அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதற்கிடையில் பீர் காய்ச்சுவோர் சங்கத்தில் ஆண்டுக் கூட்டம் வந்தது. ஆலைக்காரர் ஒவ்வொருவரும் நின்றுகொண்டு உறுதிமொழி சொல்லவேண்டும். பெண் தனியாக ஆலை நடத்தக் கூடாது. விதவை மட்டும் நடத்தலாம். ஹெஸ்தர் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சங்கத் தலைவர் கெர்பிராண்ட் நல்லவர்தான், ஆனால் விதி என்றால் உயிர்.

“யோஸ்ட் உயிரோட இருந்தா அவர் வரணும். செத்திருந்தா விதவை வரணும். நீ இப்ப யாரும்மா?”

“இடுப்பு வரைக்கும் உயிரோட இருக்காருங்க.”

“உறுதிமொழிய நின்னுக்கிட்டுச் சொல்லணுமே. நிக்கறது எதால?”

“காலாலங்க.”

“கால்?”

“இன்னும் வரையலங்க.”

சங்கத்துப் பெரியவர்கள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு முழுப் பாலாடைக் கட்டி உள்ளே போனது, தோல் மட்டும் வெளியே வந்தது. பிறகு கெர்பிராண்ட் தீர்ப்புச் சொன்னார். நிற்கும் பாகத்தைப் பொறுத்தமட்டில் ஹெஸ்தர் விதவை, ஆகவே ஆலையை அவள் நடத்தலாம். இடுப்புக்குக் கீழே விதவையானவளைப் பற்றி அந்த வாரம் சாராயக்கடைகளில் பேசியதை நான் இங்கே எழுத மாட்டேன்.

ஹெஸ்தர் உறுதிமொழி சொன்னாள். வீட்டுக்குப் போகும்போது ஆலை வழியாகத்தான் போனாள்.

லாம்பெர்ட் முணுமுணுத்துக்கொண்டே படத்தின் அடியில் புதுத் துணி ஒன்றைத் தைத்து இணைத்தார். பசை, காவி, கோடு என்று எல்லாம் ஆதியிலிருந்து. கால்களுக்குச் சாவுச் சாயம் பூசி முடித்திருந்தபோது ஹெஸ்தர் மறுபடி வந்தாள். கையில் ஒரு குடுவை பீர் இருந்தது.

“குடிச்சுப் பாருங்கக்கா.”

குடித்தேன். அது போல ஒன்றை யோஸ்ட் காய்ச்சியதே இல்லை. அவர் நாலு பேரிடம் பேசிக்கொண்டே கொப்பரையை இறக்கிவிடுவார். இவள் பக்கத்திலேயே நின்று, முகர்ந்து பார்த்து, பொறுத்திருந்து இறக்கியிருக்கிறாள்.

“நல்லா இருக்குடி!”

“அப்படியாக்கா?” அவள் முகம் மலர்ந்தது. பிறகு மாடிப்படியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “கால் ரெண்டும் எப்ப முடியும்?”

“அவசரப்படுத்தச் சொல்றியா?”

“இல்லக்கா. நல்லாக் காய விடச் சொல்லுங்க.”

அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நேரே யோஸ்ட்டைப் பார்க்கப் போனேன். அவரைச் சாய்வு நாற்காலியோடு தூக்கிச் சன்னலோரம் வைத்திருந்தார்கள். ஆற்றில் படகு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு இளைத்திருந்தது. சிரிப்பும் சின்னதாகியிருந்தது.

“சலிப்பா இல்லையா உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“சொன்னா சிரிப்பீங்க. இந்த ஆத்தங்கரையில முப்பது வருஷமா இருக்கேன், அந்தக் கரையில ஒரு பேரி மரம் இருக்கறதே இப்பதான் தெரியும்.” போர்வையைக் கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். “முன்னெல்லாம் விடிஞ்சா வாசல்ல பத்துப் பேர் நிப்பாங்க. அவனுக்கு நியாயம் சொல்லணும், இவன் கல்யாணத்துல பாடணும். சிரிக்கலேன்னா யோஸ்ட்டுக்கு என்ன ஆச்சும்பாங்க. செத்தவன்கிட்ட யாரும் எதுவும் கேக்கறதில்ல, லைஸ்பெத்தம்மா.”

“அரையாத்தானே செத்திருக்கீங்க.”

“அரைக்கே இவ்வளவு நிம்மதி.”

நான் வீட்டுக்கு வந்து லாம்பெர்ட்டிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் வேகத்தில் எந்த மாற்றமும் வந்திருக்காது. பழுப்புக் காலுறையின் மடிப்புகளை ஒவ்வொன்றாக வரைந்தார். செருப்பின் வார்ப்பூட்டு மின்னுவதற்கு மட்டும் மூன்று பூச்சு போட்டார்.

வசந்தம் வந்து கால்வாய் ஓரமெல்லாம் தளிர்த்தபோது, படம் முடிந்தது என்றார். யோஸ்ட்டை நாற்காலியோடு நான்கு பேர் எங்கள் மாடிக்குத் தூக்கிவந்தார்கள். ஹெஸ்தர் ஆலை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் வந்து ஓரமாக நின்றாள். கெர்பிராண்டும் போதகரும் வந்திருந்தார்கள். லாம்பெர்ட் திரையை விலக்கினார்.

அப்படி ஒரு படத்தை அவர் அதற்கு முன்னும் பின்னும் வரைந்ததில்லை. பருத்த மனிதர் ஒருவர் கோப்பையைத் தூக்கிப்பிடித்து வெடித்துச் சிரிக்கிறார். தொட்டால் கன்னம் அமுங்கும் போலிருந்தது.

யோஸ்ட் வெகுநேரம் பார்த்தார். “யாரு இவரு?” என்றார்.

லாம்பெர்ட்டின் முகம் வெளுத்தது. “நீங்கதான்!”

“இல்லையே. பாருங்க, இவருக்கு எவ்வளவு சதை! ஏன் இப்படிச் சிரிக்கறாரு, யாராவது மிரட்டினாங்களா?” அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். படத்தின் அருகே போய்க் குனிந்து செருப்பைப் பார்த்தார். அந்தப் பக்கம் போய்க் காதைப் பார்த்தார். பின்னால் போய்த் துணியின் முதுகையும் பார்த்துவிட்டு வந்தார். “பாவம். நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு” என்றார்.

ஹெஸ்தர்தான் மெல்லச் சொன்னாள். “நடக்கறீங்க.”

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். “ஆமா” என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு. பிறகு அவளைப் பார்த்தார். “ஆலைய நீயே பார்த்துக்க ஹெஸ்தர். ஆத்தங்கரையில பீப்பாய் உருட்ட ஆள் வேணும்னா சொல்லு, வர்றேன்.”

ஹெஸ்தர் சட்டென்று மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

கெர்பிராண்ட்தான் தொண்டையைச் செருமினார். “ஒரு சிக்கல் இருக்கு. இவ விதவைன்னு சங்கம் சொல்லியாச்சு. இல்லேன்னு இப்ப மாத்தினா, இத்தனை நாள் இவ காய்ச்சின பீர் காய்ச்சாத பீர் ஆயிடும். அதைக் குடிச்ச நாங்கல்லாம் என்ன ஆகறது?”

“அப்படின்னா ஒரு விதவை வீட்டுல அந்நிய ஆம்பளை தங்கறதா?” என்று போதகர் எகிறினார். “நான் விடமாட்டேன்.”

யோஸ்ட் யோசித்தார். “ஏம்மா, என்னைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?” என்று ஹெஸ்தரைக் கேட்டார். முதல் தடவை அவளை யாரும் கேட்கவில்லையாம், அவள் அப்பாவைத்தான் கேட்டார்களாம். அவள் மேலங்கியை இறக்கி, “யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். லாம்பெர்ட்டுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று.

கோடையில் கல்யாணம் நடந்தது. பன்றித்தொடை, விலாங்கு மீன், ஹெஸ்தரின் பீர். படம் அவர்கள் முன்னறையில் மாட்டப்பட்டது. விருந்தாளி யாராவது அது யார் என்று கேட்டால், யோஸ்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு, “என் பொண்டாட்டியோட மொதல் புருஷன்” என்பார்.

வேலை முடிந்த மாலைகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். மாடியில் லாம்பெர்ட்டின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, யாருடைய படமோ காய்வதை இருவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் கீழேயிருந்து சாப்பாட்டுக்கு இரண்டு முறை கூப்பிடுவேன். மூன்றாம் முறை கூப்பிடுவதில்லை, நான் போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிடுவேன்.