தண்ணீர் இல்லாத வீடு

உபேந்திர மஜும்தாருக்கு வேண்டியிருந்தது தங்கை வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை: "இது நம்ம வீடுதான்." அதைக் கேட்காமல் நாவலை அச்சுக்குக் கொடுப்பதில்லை என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். இருபது வருடம் கட்டட வரைபடம் போட்ட கை அது. நாவலையும் வரைந்துவைத்துக்கொண்டுதான் எழுதும். அகமதாபாத்தின் பழைய காடியா பகுதியில் இருவரும் பிறந்த வீட்டில் அவர் கணக்குக்குப் பதினோரு இடங்கள், நாவலிலும் பதினோரு அத்தியாயங்கள். நடுமுற்றத்துக்கு மட்டும் நாற்பது பக்கம். சுவர் வீடல்ல, சுவர் சுற்றி நிற்கிற வெறுமைதான் வீடு, மனிதனும் அப்படித்தான் என்பது அவருடைய தத்துவம்.

அந்த வீட்டிலேயே இன்னும் குடியிருக்கும் தருலதா, மூன்று நாள் ஊஞ்சலில் ஆடியபடி படித்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு மோட்டாபாய். ஆனா இது நம்ம வீடு இல்ல."

பெரியண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அங்குலம் அங்குலமா அளந்து எழுதியிருக்கேன்."

"அளந்தீங்க. மூணு நாளாப் படிக்கிறேன், ஒருத்தரும் ஒரு வாய் தண்ணி குடிக்கல. வெறுமைக்கு நாப்பது பக்கம், பானை வைக்க ஒரு மூலை இல்ல. பாணியாரு எங்க?"

வெறும் தண்ணீர்ப்பானை மேடையா அது? அதன் மாடத்தில் விளக்கேற்றினால் வீட்டில் செத்துப்போனவர்கள் வந்து நிற்பார்கள். காடியாவில் சின்னப் பிள்ளை வீடு வரைந்தால்கூட அதை விடாது.

"மறந்துட்டேன்" என்றார்.

"மறக்கல. முதல் பக்க வரைபடத்துல போட்டுட்டு அழிச்சிருக்கீங்க. தாளே தேஞ்சு கிடக்கு."

பா, அவர்கள் அம்மா, கண்மூடியபோது அவர் சண்டிகரில் ஏதோ கட்டடத்தைப் பார்த்து மெய்மறந்து நின்றிருந்தார். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பத்தொன்பது வருடமாக அந்த மூலைப்பக்கம் அவர் போனதில்லை. இங்கே வரும்போதெல்லாம் தாகமென்றால் தங்கைதான் கொண்டுவந்து கொடுப்பாள்.

"அதை வரைஞ்சா அங்க பா நிப்பா, தரு. அவ முகத்தைப் பாக்க எனக்குத் தைரியமில்ல."

"பின்ன எங்க நிப்பா, உங்க தத்துவத்துலயா?"

அன்று அவள் தண்ணீர் கொண்டுவரவில்லை. தீப்பெட்டியை அவர் கையில் வைத்துவிட்டு மறுபடி ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் கழித்துத்தான் அவர் எழுந்து பாணியாரு மூலைக்குப் போனார். இரண்டு குச்சி அணைந்து மூன்றாவது பற்றியது.

"பா, லேட்டாயிடுச்சு" என்றார். கண்ணைத் துடைக்காமலேயே ஒரு சொம்பு மொண்டு குடித்தார்.

ஊஞ்சலிலிருந்து தருலதாவின் குரல் வந்தது. "பன்னிரண்டாவது அத்தியாயம் சின்னதாவே இருக்கட்டும். நம்ம வீட்டுல அதுக்கு அவ்வளவு இடந்தானே."